பதில் சொல்லும் முகங்கள்

ஜொகூரின் பண்டார் தெங்காரா பழைய ஊர் அல்ல. 1972இல் அமைக்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா காட்டைத் திருத்தி எழுப்பிய புதிய ஊர்களில் ஒன்று, சுற்றிலும் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டு இப்படிப்பட்ட ஊர்களின் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களை நினைத்தால், ஆயாக்கொட்டகைதான் என் கண்ணில் நிற்கிறது. அங்கே வசதி ஏது? வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பால் வெட்டப் போன தாய்மாரின் பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்து ஓர் ஆயா. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஆனாலும் தொட்டிலுக்குள் குழந்தை ‘ங்கா’ என்றால், ஆட்டிக்கொண்டிருக்கும் நாலு வயது அக்கா “என்னடி வேணும்?” என்று கேட்பாள்.

*

அப்படிப் பதில் சொல்லும் ஒருவர் ஏன் வேண்டும் என்பதை, சியாட்டலைச் சேர்ந்த குழந்தை மொழி ஆய்வாளர் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். மாண்டரின் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து, படம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். 12 அமர்வுகளில் அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலிகள் பிடிபட்டுவிட்டன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

*

பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பாட்டி விலை பேசிக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த பேரன் ரம்புத்தான் குவியலை நோக்கி விரலை நீட்டினான். பாட்டி பேரத்தை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்தார். “ரம்புத்தானா? முடி முடியா இருக்கில்ல? தொட்டுப் பாரு.” தொட்டான், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான், பாட்டி முகத்தைப் பார்த்தான். அவர் சிரித்த பிறகுதான் அவனும் சிரித்தான். “முத்தான்” என்றான்.

அவன் பார்த்ததை அவரும் பார்த்தார். அவன் கேட்ட நேரத்தில் பெயர் வந்தது. கார்ட்டூன் எத்தனை அழகாகப் பேசினாலும், எதிரே இருக்கும் பிள்ளை எதைச் சுட்டுகிறது என்று அதற்குத் தெரியாது.

*

குற்றம் திரையுடையது என்றும் சொல்லிவிட முடியாது. 2014இல் வந்த மற்றோர் ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகள் வீடியோ அழைப்பில் எதிரே இருந்தவரிடம் புதுச் சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த காணொளியில் கற்கவில்லை. சிங்கப்பூர் வேலைக்குப் போன அப்பா ராத்திரி கூப்பிட்டு, “கையில என்னம்மா வச்சிருக்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், அதுவும் பாடந்தான்.

*

களைத்து வரும் தாயின் தலையில் பதில் சொல்லும் இந்தப் பொறுப்பையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சியாட்டல் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களைப் பெற்றவர்கள் அல்லவே. பக்கத்து வீட்டு மக்சிக் வேலிக்கு அந்தப்புறம் நின்று “அடிக், சுடா மாக்கான்?”, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். இந்தப் பக்கத்துப் பிள்ளை “சுடா!” என்று கத்துகிறது. “என்ன சாப்பிட்டாய்?” என்று அவர் விடாமல் மலாயில் அடுத்ததைக் கேட்கிறார்.