தராசும் தலைவணக்கமும்

“அவ்வளவு பெரிய மேதை சொன்னதைச் சோதிப்பது அவரை அவமதிப்பது ஆகாதா, ஐயா?”

ஐன்ஸ்டீனின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிய நாளன்று, மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான். “முதலில் பாடத்தைக் கவனி” என்று அவனை அமர்த்தினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. வினாவை அடக்கிய வாய், பகுத்தறிவைப் பேசத் தகுதியுடையதுதானா?

பொருளின் நிறையும் ஆற்றலும் ஒன்றே என்று 1905ஆம் ஆண்டிலே அறிவித்தார் ஐன்ஸ்டீன். உலகம் வியந்தது, போற்றியது, பாடநூலிலே பொறித்தது. நூறாண்டு ஓடிற்று. 2005ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள் என்ன செய்தனர்? மாலை சூட்டி, மங்கலம் பாடி, அத்துடன் நின்றனரா? இல்லை. அவர் வாக்கையே தராசிலே வைத்தனர்!

எத்தகைய தராசு? தட்டும் இல்லை, படிக்கல்லும் இல்லை. காற்றகற்றிய கலத்திலே, வலிய காந்தப்புலமும் மெல்லிய மின்புலமும் கூடி அமைத்த, கண்ணுக்குத் தெரியாத கூண்டு அது. பென்னிங் பொறி என்பர். மின்னூட்டம் பெற்ற அணு அதனுள் அகப்பட்டால், தப்ப வழியின்றி வட்டமிடும். மின்னூட்டம் சமமாயின், நிறை மிகுந்தது மெல்லச் சுற்றும். குறைந்தது விரைந்து சுற்றும். சுற்றை எண்ணினால் நிறை தெரியும். இரண்டினை ஒரே கூண்டிலே ஒருசேரச் சுற்றவிட்டு, பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கினும் நுண்ணிய வேறுபாட்டை அளந்தனர்.

கந்தக அணுவும் சிலிக்கான் அணுவும் ஒரு நியூட்ரானை ஏற்கும்போது, கூட்டுத்தொகையிலே சிறிது நிறை குறைகிறது. குறைந்தது காமாக் கதிராக வெளிப்படுகிறது. குறைந்த நிறையை அமெரிக்காவிலே அளந்தனர். கதிரின் ஆற்றலைப் பிரான்சின் கிரெனோபிள் நகரிலே மற்றொரு குழுவினர் அளந்தனர். ஒரு கோடியில் சுமார் நான்கு பங்கு என்னும் பிழை எல்லைக்குள் இரண்டும் ஒத்து நின்றன. ஐன்ஸ்டீன் வென்றார்.

ஆனால், தராசு எப்போதும் பழைய தீர்ப்பையே எழுதுவதில்லை. 2017ஆம் ஆண்டிலே, செர்மனியின் மைன்ஸ் நகரில், இத்தகைய பொறியிலே புரோட்டானின் நிறையை அளந்தனர். உலகம் ஏற்றிருந்த மதிப்பைவிட, ஆயிரம் கோடியில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைவாக வந்தது! பழைய எண்ணின் மானம் காக்க எவரும் வாளெடுக்கவில்லை. 2018ஆம் ஆண்டின் உலக அட்டவணையிலே எண் இறங்கியது. அதுமட்டுமா? புதிய எண்ணைத் தந்தவர்கள், தம் அளவிலும் லட்சம் கோடியில் 32 பங்கு ஐயம் உண்டெனத் தாமே எழுதி வைத்தனர்.

தோழர்களே, நாம் அவ்வாறு எழுதி வைக்கிறோமா? மாற்றார் பேசினால் சான்று கேட்கிறோம். நம்மவர் பேசினால் கைதட்டுகிறோம். ஒரு தட்டை விரலால் அழுத்தும் வணிகனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? பிறர் நம்பிக்கையை மட்டும் நிறுப்பது பகுத்தறிவு ஆகுமா?

மறுநாள் அம்மாணவனை அழைத்தோம். “சோதிப்பது அவமதிப்பன்று, தம்பி. சோதிக்க அஞ்சுவதே அவமதிப்பு. இவர் வாக்கு தராசைத் தாங்காது என்று உள்ளூர எண்ணுவோர்தாம் அஞ்சுவர்” என்றோம்.

சற்றே தயங்கினான். “தாங்கள் சொல்வதையும் சோதிக்கலாமா, ஐயா?”

“அதிலிருந்தே தொடங்கு” என்றோம்.