கனவில் ஓங்கிய கோல்

ஜவ்வாது மலையில் காவலூருக்கு அருகே, உறவினர் இல்லத்தில் ஓர் இரவு தங்கினோம். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் அருகே வானியலார் விழித்திருக்கும் ஊர் அது. யாமோ உறங்கிவிட்டோம். கனவில் ஒரு நாகத்தைக் கோலால் அடித்துக் கொன்றோம். விழித்தபின்னும் கை நடுங்கியது. எறும்பை மிதிக்கவும் அஞ்சும் எமக்கு இக்கொலையின் வினை உண்டோ?

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் உறக்கத்தைத் தரிசனாவரணீய கர்மத்துள் ஐந்தாக வகுத்தார்: நித்திரை, நித்திரா நித்திரை, பிரசலை, பிரசலா பிரசலை, ஸ்தியானகிருத்தி. அமர்ந்தபடியே தூங்கி விழுதல் பிரசலை. பிற்பகல் வகுப்புகளில் அதனை நிறையக் கண்டுள்ளோம். இறுதியானதே கொடிது. அதில் உறங்குபவர் எழுந்து கொடுஞ்செயலும் புரிவார். தூக்கத்தில் நடத்தல் ஆழ்ந்த உறக்கத்தில் நிகழ்வது என்பர் இக்கால மருத்துவர். தெளிந்த கனவுகள் மிகுவது, 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்த, விழிகள் விரைந்தசையும் உறக்கத்தில். அப்போது கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும்.

ஆகவே எம் கை அசையவில்லை. அவ்விரவில் எவ்வுயிரும் மாயவில்லை. திரவிய இம்சை இல்லை. பாவ இம்சை? உறக்கம் காட்சியை மறைக்குமேயன்றி உயிரின் உணர்வை அழிக்காது. கனவில் எழுந்த அச்சமும் சினமும் எம்முடையவையே.

அவை எங்கிருந்து வந்தன என்று தேடியபோதுதான் நினைவு வந்தது. அன்று மாலை தோட்டத்தில் பாம்பைக் கண்டு, "அடியுங்கள்!" என்று கூவியவர் யாமே. பணியாள் அடித்தார். அது செத்தது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையே என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்தான் அது.

கனவுக்காகப் பிரதிக்கிரமணம் செய்ய அமர்ந்தோம். சொன்னதோ, அம்மாலை நிகழ்ந்ததைத்தான்.