சாட்சி பாவமும் காட்டுயிரும்

சாட்சி பாவம் என்பது கண்டதைக் கண்டபடி இருக்கவிட்டுப் பார்த்திருத்தல். முண்டக உபநிடதம் இதற்கு ஒரே மரத்தில் வாழும் இரு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று கனியைத் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்திருக்கிறது. தின்பது சீவன், பார்ப்பது ஈசன் என்பது பெருவழக்கான உரை. காட்டுயிரைக் காணப் போகிறவர் பழகவேண்டியது இரண்டாம் பறவையின் நிலையை.

அதற்கு ஏற்ற இடம் கோல சிலாங்கூரில் உண்டு. மலாவாத்தி குன்றின் அடியில் 1987-இல் அமைந்த இயற்கைப் பூங்காவை மலேசிய இயற்கைக் கழகம் பேணி வளர்த்தது. அங்கே அலையாத்திக் காட்டின் சேற்றில் ஆண் பிடில் நண்டு தன் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும். காலடி அதிர்ந்தால் எல்லாம் வளைக்குள். அசையாமல் நின்றால் மறுபடி ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

குன்றின்மேல் நடப்பது வேறு. அங்குள்ள வெள்ளி இலைக்குரங்குகளின் குட்டி பிறக்கும்போது செம்மஞ்சள். சில மாதங்களில் தாயைப்போல் கருஞ்சாம்பலாகும். தாயல்லாத பெண் குரங்குகளும் அதைத் தூக்கி வளர்க்கும். இந்தக் காட்சியைப் பார்த்தாலே போதும். ஆனால் வருகிறவர்கள் கச்சானும் பயத்தங்காயும் ரொட்டியும் இனிப்பும் நீட்டுகிறார்கள். அனுமனுக்குப் படைத்த புண்ணியம் என்று நம் மக்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இலைக்குரங்கின் இரைப்பை பல அறைகள் கொண்டது. நுண்ணுயிர்கள் அதில் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. ரொட்டியும் இனிப்பும் உள்ளே போனால் அந்த ஏற்பாடு குலையும். வள்ளலார் ஜீவகாருண்யத்தில் பசி நீக்கலையே முதலில் வைத்தார். மரம் நிறைய இலை இருக்க, பசிக்காத வாயில் திணிப்பது அந்தக் கணக்கில் சேராது. கொடுப்பவரின் ஆசைதான் அங்கே தின்கிறது.

கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதும் இணைதேடும் அழைப்பே. கேமரா வெளிச்சம் அதைக் கலைக்கும். அதனால் துடுப்புப் படகில், விளக்கில்லாமல் போவது முறை. மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது. மின்மினிப் புழுக்கள் கரையின் ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்பவை. கரையை வழித்துச் செம்பனை நட்டால் அவற்றுக்கு இடமில்லை.

வீட்டுக் கொல்லைக்கும் இதே ஒழுக்கம் பொருந்தும். செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகை தங்கக் கூடுப்பெட்டி வைக்கிறார்கள். அதே கூகை லயத்துக் கூரையில் அலறினால் சாவுக்குறி என்று கல்லெறிவது பேதைமை. வேலியோரம் ஒரு துண்டு நிலத்தை வெட்டாமல், மருந்தடிக்காமல் விட்டால் தையல்சிட்டு வரும். அகன்ற இலையின் விளிம்புகளை நாரால் தைத்துக் கூடு கட்டும். முட்டை பார்க்கும் ஆவலில் அந்த இலையை விலக்கக்கூடாது. பக்கத்தில் ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை இரையோடு கூட்டுக்குள் நுழையத் தயங்கும். ஜன்னலுக்கு உள்ளிருந்து பார்ப்பதே சரி.