கடனும் கடமையும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொய்யாமையும் கள்ளாமையும் கடைப்பிடிக்க எளியவை என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். பிறர் பொருளைத் திருடுவோர் நம்மிடையே இல்லையன்றோ! ஆயினும், ஒரு கடிதம் யாம் அவ்விரதங்களில் எத்துணைத் தொலைவில் நிற்கின்றோம் என்பதை எமக்கு உணர்த்திற்று.

பிழைப்பின் பொருட்டுக் கோவைக்குக் குடிபெயர்ந்த யாம், சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் ஆறாண்டுகள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் முதியவர், அன்பானவர். காலி செய்யும்போது முன்பணம் ரூ.27,000-ல் இரண்டு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, எஞ்சிய ரூ.9,000-ஐ எம் வங்கிக் கணக்கிற்கு அனுப்பினார். ஏழு திங்கள் கழிந்தபின் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. அம்முதியவர் காலமாகிவிட்டார், அவருடைய மகன் சார்பில் வாடகை பாக்கி ரூ.18,000, வெள்ளையடித்த செலவு ரூ.19,000, மின்கட்டணம் ரூ.1,600, ஆக ரூ.38,600 கேட்கப்பட்டிருந்தது.

முதலில் எழுந்தது சினமே. நண்பர் ஒருவர், "பதில் எழுதாதீர்கள், தாமே ஓய்ந்துவிடுவர்" என்றார். மற்றொருவர், "கோர்ட் வாசல் மிதிப்பதைவிடக் கொடுத்துத் தொலைப்பது மேல்" என்றார்.

சினம் தணிந்தபின் பழைய தாள்களைப் புரட்டினோம். வாடகை பாக்கி இல்லை என்பதற்கு வங்கிப் பதிவு இருந்தது. வெள்ளையடித்தல் எம் பொறுப்பு என ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ஆனால் மின்கட்டணம்? இங்கு மின்கணக்கு இரண்டு மாதங்கட்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. யாம் வெளியேறியது இரு கணக்கெடுப்புகட்கு இடையே. அதன்பின் வீடு பூட்டியே கிடந்தது. ஆகவே அந்த ரூ.1,600 எம்முடைய கடனே. அதனை மெய்ப்பிக்க அவர்களிடம் சான்று ஏதுமில்லை. "பொய்யாக முப்பத்தேழாயிரம் கேட்டவர்க்கு இஃது ஒரு தண்டனையாகட்டுமே" என்று மனம் வாதிட்டது. உண்மையான சோதனை அங்கேதான் இருந்தது.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை விரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களைக் கூறுகின்றார். பொய்ப் பத்திரம் எழுதுதல் அவற்றுள் ஒன்று. நியாசாபகாரம் மற்றொன்று. அடைக்கலமாகப் பொருள் வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது, "ஆம், அவ்வளவுதான்" என்று இசைவதே அது என உரையாசிரியர் பூச்சியபாதர் விளக்குவார். பிறருடைய மறதியும் சான்றின்மையும் நமக்கு ஆதாயமாகா என்பதே இதன் கருத்து. ஒருவர் தவறாகக் கேட்டமையால் நாம் தரவேண்டியது குறைந்துவிடுமோ? அவர் பிழை அவர் கணக்கு. நம் கடன் நம் கணக்கு.

அங்ஙனமாயின், கேட்ட முழுவதையும் கொடுத்துவிடுதல் அறமாகுமோ? ஆகாது. அச்சத்தால் கொடுப்பது தானமன்று. பொய்க் கணக்கிற்கு நாம் இசைந்தால், அடுத்துக் குடிவரும் ஏழைக்கும் அதே கணக்கு நீட்டப்படும். மௌனமும் தகாது, கேட்டவர்க்கு விடையளித்தல் கடமை.

எனவே ரூ.1,600-ஐ அனுப்பி, காலந்தாழ்த்தமைக்கு வருத்தம் தெரிவித்து, மற்ற இரண்டையும் சான்றுகளின் நகல்களோடு மறுத்து எழுதினோம். சில நாட்களில் அம்மகன் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா நோட்டுல வரவு எழுதாம விட்டுட்டாருங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். யாம் வஞ்சனை என்று கருதியது வெறும் அறியாமை! ஒரு பொருளைப் பல நோக்கில் காண்பதே அநேகாந்தம் என்று மேடையில் பேசும் யாம், ஒரு தாளை ஒரு நோக்கில் மட்டுமே படித்திருந்தோம்.

நம்முள் வாடகைக்கு இருப்போரும் உளர். வீட்டை வாடகைக்கு விடுவோரும் உளர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீடு காலியான ஒரு மாதத்திற்குள், குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கூறுகிறது. சட்டம் கூறாவிடினும் அது அடைக்கலப் பொருளே. ஆகவே காலி செய்யும் நாளில் மின்அளவியின் எண்ணைக் குறித்து, கணக்கு முடிந்ததென இருவரும் எழுதிக் கையொப்பமிடுவது நன்று. அஃது ஐயத்தின் அடையாளமன்று. பின்வருவோர்க்கு நாம் செய்யும் உதவி.

புகளூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர்க்குச் சேர மரபினர் அமைத்தளித்த கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அங்கு உறைந்தோர் எதனையும் உடன் கொண்டு சென்றாரல்லர். எதனையும் பாக்கி வைத்துச் சென்றாருமல்லர். இல்லறத்தாராகிய நாம் அவ்வளவு உயர இயலாதெனினும், விட்டு வந்த வீட்டில் நம் கடன் ஒன்றும் தங்காதவாறேனும் பார்த்துக்கொள்வோமாக.