வயித்தெரிச்சல் யாருக்கு?

பொறாமைப்படாதே என்று புத்தி சொல்பவர்களின் கையில் பெரும்பாலும் நாலு காசு இருக்கிறது. எனக்கு ஏன் இல்லைன்னு ஒருத்தன் கேட்டால், ‘வயித்தெரிச்சல் புடிச்சவன்யா’ என்று சொல்லிவிட்டால் போதும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நியாயமான உரிமைக் கோரிக்கை கெட்ட குணமாகிப் போகும்.

1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். பிரபு குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகனைக் கட்டிக்கொண்டு போகிறாள். குடும்பம் தலைமுழுகிவிடுகிறது. அவள் செத்தபிறகு குடும்பக் கல்லறையில் புதைக்கக்கூட இடம் தரமாட்டேன் என்கிறார்கள். இதற்கு நமக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. ஜவுளிக்கடையில் துணி அளந்து பிழைக்கும் அவள் மகன் லூயி, தனக்கும் பட்டத்துக்கும் நடுவில் நிற்பவர்களைத் தீர்த்துக்கட்டக் கிளம்புகிறான்.

அந்தக் குடும்பத்தார் அத்தனை பேராகவும் அலெக் கின்னஸ் ஒருவரே நடித்திருக்கிறார். கிழவன், பாதிரி, தளபதி, சீமாட்டி, எல்லாம் ஒரே மூஞ்சி. ரத்தப் பெருமையை இதைவிட எப்படிக் கிண்டல் பண்ணுவது? ஏழைகளைப் பிடிக்கத் தோட்டத்தில் பொறி வைத்த டியூக் அந்தப் பொறியிலேயே மாட்டிச் சாகும்போது எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டியதும் இல்லை.

ஆனால் சீமாட்டி அகதா? பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று பலூனில் ஏறித் துண்டறிக்கை போடுகிறவள். அவளையும் அம்பு விட்டுக் கொல்கிறான். என்ன செய்தாள் என்பது அவனுக்கு முக்கியமில்லை, எந்த வயிற்றில் பிறந்தாள் என்பதுதான் முக்கியம். தன் தாயைத் தள்ளிவைத்த அதே கணக்கு. கோட்டை எதுக்குன்னு லூயி ஒருபோதும் கேட்பதில்லை. அதில் தான் ஏன் இல்லை என்பதோடு நின்றுவிடுகிறான். அவன் கோபம் நியாயம், ஆசை பிரபுக்களிடம் கடன் வாங்கியது. படிக்கட்டு மாதிரி அடுக்கிய சமூகத்தில் ஒவ்வொருத்தனும் மேல்படியைத்தான் பார்ப்பான், படிக்கட்டைப் பார்க்கமாட்டான் என்பதை அம்பேத்கர் விளக்கியிருக்கிறார்.

படத்துக்கு மூலம் ராய் ஹார்னிமன் 1907இல் எழுதிய ‘இஸ்ரேல் ராங்க்’ நாவல். அதில் நாயகன் பாதி யூதன். யூதப் படுகொலை முடிந்து நாலே வருஷத்தில் வந்த படத்தில் பாதி இத்தாலியன் ஆகிவிட்டான். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இருந்தவர்கள், லூயியும் சிபெல்லாவும் சொல்லும் குழந்தைப் பாட்டில் கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். தள்ளிவைக்கப்பட்டவளின் மகன் வாயில் அது சர்வசாதாரணமாக வந்துபோகிறது. அமெரிக்காவில் திரையிட்ட பிரதியில்தான் அதை எடுத்துவிட்டு ‘மாலுமி’ என்று போட்டார்கள்.