மெட்டுக்குக் கீழே

கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவனுக்கு இரண்டு ஆசைகள் உண்டு. நன்றாக வாசிக்க வேண்டும் என்பது ஒன்று. நன்றாக வாசித்தான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. முதல் ஆசை இல்லாதவன் அந்த இருக்கையில் உட்காரக் கூடாது. இரண்டாவது ஆசை இல்லாதவனை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே விரல்களில் குடியிருக்கின்றன. ஆரம்ப ஜெபத்துக்குத் தலை குனியும்போதே, காணிக்கைப் பாட்டுக்கென்று பழகி வைத்த முன்னிசை மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது.

*

இந்தக் கலக்கம் புதிதல்ல. ஏறக்குறைய கி.பி. 400-இல், ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டின், தம் வாழ்வைத் தேவனிடம் அறிக்கையிடும் நூலின் பத்தாம் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகமாக அசைத்தால் அது பாவம் என்று அவருக்குப் படுகிறது. அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு, சங்கீதங்களைப் பேச்சுக்கு நெருக்கமாக, ஏற்ற இறக்கம் குறைத்து வாசிக்கச் சொன்னாராம். அதுதான் பத்திரமோ என்று யோசிக்கிறார். உடனே, விசுவாசத்துக்குத் திரும்பிய நாட்களில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாம் விட்ட கண்ணீர் நினைவுக்கு வருகிறது. பாட்டு இருக்கட்டும் என்கிற பக்கமே சாய்கிறார். ஆனாலும் தீர்ப்பாக எதையும் எழுதி முடிக்கவில்லை.

இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அவ்வளவு பெரிய மனிதர் தீர்க்காமல் விட்ட கேள்வியோடு நானும் ஞாயிறுதோறும் உட்காரலாம் என்ற தைரியம் அதில் கிடைக்கிறது. மனம் முழுக்கச் சுத்தமான பிறகுதான் வாசிப்பேன் என்றால், எந்தக் கோவிலிலும் பாட்டு எழும்பாது.

*

1706 பிப்ரவரி. ஜெர்மனியில் ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூர். இருபது வயது ஆர்கன் வாசிப்பவரைச் சபை நிர்வாகம் கூப்பிட்டு விசாரிக்கிறது. நான்கு வார விடுப்பில் லூபெக்குக்குப் போனவர், அங்கே பூக்ஸ்டெஹூடே என்ற இசைஞரின் இசையில் லயித்து, அதைப்போல நான்கு மடங்கு காலம் தங்கிவிட்டார். இன்னொரு புகாரும் உண்டு: சபையார் பாடும் பாட்டுகளுக்குள் விசித்திரமான மாற்றங்களையும் அந்நியமான சுரங்களையும் நுழைக்கிறார், ஜனங்கள் குழம்பிப்போகிறார்கள். அந்த இளைஞர்தான் யோகான் செபாஸ்டியன் பாக்.

குற்றம் சாட்டியவர்களை இசை அறியாதவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சபையார் குழம்பினார்கள் என்பது உண்மையான குறை. அந்த வயதில் அவ்வளவு திறமை கையில் இருந்தால் அதை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதும் உண்மை.

*

நம் கோவில்களில் லெந்து நாட்களிலும் பெரிய வெள்ளியிலும் பாடும் ஒரு பழைய மெட்டு உண்டு. முட்கிரீடம் சூடிய தலையைப் பற்றிய பாமாலைப் பாட்டின் மெட்டு. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டுக்கு உரியது அது; பின்பு ஆலயத்துக்குள் வந்தது. பாக் அதைத் தம் ‘மத்தேயு பாடுகள்’ இசையில் ஐந்து முறை வைக்கிறார். அந்தப் படைப்பு 1727-இல் முதலில் பாடப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர்களின் கணிப்பு.

ஐந்து இடத்திலும் மெட்டு ஒன்றுதான். கீழே நகரும் மற்ற மூன்று குரல்கள்தான் மாறுகின்றன, சுதி மாறுகிறது. இயேசு உயிர்விட்ட இடத்தில் வரும் ஐந்தாவது முறையில், ஆல்ட்டோவும் டெனரும் பாஸும் அரைச்சுரம் அரைச்சுரமாக உரசி நகர்ந்து, மரண பயத்தையே சுரமாக்கிவிடுகின்றன. மேலே சோப்ரானோ, எந்தக் குழந்தையும் சேர்ந்து பாடக்கூடிய அதே மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது.

ஆர்ன்ஸ்டாட் இளைஞரின் ஆசை இருபது வருடங்களில் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. ஆனால் மெட்டின் மேல் ஏறி நிற்காமல், அதைத் தாங்குகிற இடத்துக்கு இறங்கியிருக்கிறது. என் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் இதையே அதிகம் நம்புகிறேன்.

*

‘கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார், சுதி சேராவிட்டால் என்ன’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1730-இல் பாக் லைப்சிக் நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். தம் மாணவர்களில் பாடத் தகுந்தவர்கள் 17 பேர், இன்னும் பழக வேண்டியவர்கள் 20 பேர், தகுதியே இல்லாதவர்கள் 17 பேர் என்று எண்ணிக் கொடுத்து, ஆலய இசைக்குத் தேர்ந்த ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். அதே மனிதர்தான் தம் ஆலயப் படைப்புகளின் முடிவில், மகிமை தேவனுக்கு மட்டுமே என்று பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளை இட்டவர். அரைகுறையாகப் பழகிவிட்டுத் தாழ்மை என்று பேர் சொல்வது காணிக்கை ஆகாது.

*

கீர்த்தனையில், திறமையைக் காட்டிக்கொள்ளும் சோதனை வேறு விதமாக வரும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதல் எத்தனையோ பேர் தந்த கீர்த்தனைகளில், சரணம் எங்கே சுற்றினாலும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். பல்லவி சபையாருடையது. சரணத்தில் பாடுகிறவர் சங்கதி சேர்க்கலாம். பல்லவியின் எடுப்பை மட்டும் அலங்கரித்து மறைத்துவிடக் கூடாது. அந்த எடுப்பு தெளிவாகக் கேட்டால்தான் கடைசி வரிசைப் பாட்டியும் தாளத்தோடு உள்ளே வருவார்.

பாமாலையில் கவனம் வேறு. மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொல்லை அமர்த்தியிருப்பதால், நீளச் சுரம் சில இடங்களில் குறில் எழுத்தில் விழும். ஜனங்கள் அங்கே தடுமாறுவார்கள். பாட்டின் எல்லாச் சரணங்களையும் சொல்லாகவே படித்து வைத்திருக்கிற வாசிப்பாளனுக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரியும். அடி முடிகிற இடத்தில் கையைச் சற்றுத் தூக்கினால் நூறு பேர் மூச்சு வாங்குவார்கள். அதிகாலை ஆராதனையில் குரல் இன்னும் எழும்பியிருக்காது. ஒரு சுரம் இறக்கி வாசித்தால் ஆண்களும் பாடுவார்கள். சிலுவை மரணத்தைப் பாடும் சரணத்தில் ஒலியைக் குறைக்க வேண்டும். இதற்கெல்லாம் தேவைப்படும் உழைப்பு, கடினமான ஒரு முன்னிசைக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்ததல்ல. கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள் என்பதே இதன் கடினம்.

*

ஆராதனை முடிந்து வாசலில் இரண்டு வகைப் பேச்சு காதில் விழும். “தம்பி, இன்னைக்கு நல்லா வாசிச்சீங்க” என்பது ஒன்று. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். மறுத்துப் பேசினால் அந்தப் பேச்சு இன்னும் நீண்டு என்னைச் சுற்றியே நிற்கும். “அந்தப் பாட்டு இன்னைக்கு ரொம்பப் பிரயோஜனமா இருந்துச்சு” என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்க முதலாவதைவிட அதிகமாக ஆசைப்பட வேண்டும் என்றே ஜெபிக்கிறேன். புகழாசை போய்விடட்டும் என்று கேட்பதைவிட இது நடக்கக்கூடிய ஜெபமாகத் தெரிகிறது.

புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகளிடம் இதையே சொல்ல நினைக்கிறேன்: எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக ஆசைப்படுங்கள். மணிக்கணக்காகப் பழகுங்கள். பழகியதையெல்லாம் கொண்டுபோய், சபையார் பாடுகிற மெட்டுக்குக் கீழே வையுங்கள்.