வாந்தியைக் குறித்த பேரச்சமும் மூமினின் தவக்குலும்

மனிதன் அஞ்சுகிற பொருள்கள் பல. பாம்புக்கு அஞ்சுகிறான், இருளுக்கு அஞ்சுகிறான், வறுமைக்கு அஞ்சுகிறான். இவற்றைச் சொல்லிக்கொள்ள யாரும் கூச்சப்படுவதில்லை. வெளியே சொல்ல நாணி உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிற அச்சங்களும் சில உண்டு. வாந்தியைப் பற்றிய அச்சம் அவற்றுள் ஒன்று. தனக்கு வாந்தி வந்துவிடுமோ, பிறர் தன் கண்முன்னே வாந்தி எடுத்துவிடுவார்களோ என்று இரவும் பகலும் நடுங்குகிற நிலை இது. மருத்துவர்கள் இதை எமெட்டோஃபோபியா என்கிறார்கள். பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது.

“இதுவும் ஒரு நோயா?” என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் அந்த மனிதனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். சோறு வடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பான். கல்யாண வீட்டில் நால்வர் கூடி உண்ணும் ஸஹனில் உட்கார மாட்டான். பஸ்ஸில் வாசலோர இருக்கை இல்லையென்றால் பயணமே இல்லை. ரமளானில் தராவீஹுக்கு வந்தாலும் கடைசி ஸப்பில், கதவோரமாகத்தான் நிற்பான். நோயாளியை நலம் விசாரிக்கப் போக மாட்டான். இந்த அச்சத்தாலேயே கர்ப்பம் தரிக்கத் தயங்கும் பெண்களும் இருக்கிறார்கள். நள்ளிரவில் பிள்ளை வாந்தி எடுக்கும்போது அதன் தலையைத் தாங்கிப் பிடிக்க முடியாமல், அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற தாயும் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை மீது பாசமில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இப்படி அஞ்சுவது குற்றமா? ஈமானின் பலவீனமா?

அச்சம் வேறு, அதற்குக் கீழ்ப்படிவது வேறு

நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறை பல இடங்களில் கூறுகிறது. தம் கைத்தடி பாம்பாக நெளிவதைக் கண்டு அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். சூனியக்காரர்களின் முன்னிலையிலும் அவர்களின் உள்ளத்தில் அச்சம் தோன்றியதாகத் ‘தாஹா’ அத்தியாயம் சொல்கிறது. உலுல் அஸ்ம் எனப்படும் திடசித்தம் கொண்ட ரஸூல்மார்களில் ஒருவர் அவர். திடீரென்று உள்ளத்தில் அச்சம் எழுவதே ஈமானுக்குக் குறையென்றால் இச்சம்பவங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

உள்ளத்தில் தானாக எழுவதற்கு மனிதன் பொறுப்பாளியல்லன். எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேற்பட்ட பாரத்தை இறைவன் சுமத்துவதில்லை என்ற ஆறுதலுடன்தான் அல்பகரா அத்தியாயம் நிறைவு பெறுகிறது. குமட்டலும் நடுக்கமும் நம் விருப்பத்தைக் கேட்டு வருவனவல்ல. ஆனால் அவை வந்தபின் எழுந்து ஓடுவதா, ஓரடி முன்னே வைப்பதா என்பதில் நமக்குச் சிறிதளவேனும் விருப்பம் இருக்கிறது. சிலருக்கு அந்த விருப்பம் ஒரு விரற்கடை அளவுதான் இருக்கும். இருந்தாலும் பொறுப்பு அந்த விரற்கடையில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் இல்லை.

மூஸா (அலை) அவர்களுக்கு வந்த கட்டளையைக் கவனியுங்கள். அஞ்ச வேண்டாம் என்று மட்டும் சொல்லப்படவில்லை. அந்தப் பாம்பையே கையால் பிடிக்கும்படி ஏவப்பட்டது. பிடித்தபோது அது பழைய கைத்தடியாயிற்று. இது முஃஜிஸா, நம் காரியங்களை இதனோடு ஒப்பிடுவதற்கில்லை. என்றாலும், எதைக் கண்டு ஓடினார்களோ அதை நோக்கியே கை நீட்டச் சொல்லப்பட்டதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அச்சம் வளரும் விதம்

வாந்தி என்பது உண்மையில் என்ன? உடலுக்கு இறைவன் வைத்திருக்கும் ஒரு காவல். இரத்தத்தில் நச்சுப்பொருள் கலந்தால் அதை உணர்ந்துகொள்ளும் ஓரிடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து செய்தி போனதும் வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் இறுகி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகின்றன. அந்த நேரத்தில் மூச்சுக்குழலின் வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! காவற்காரனையே கள்வன் என்று எண்ணி நடுங்குகிறவனின் நிலைதான் இந்த நோயாளியின் நிலை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பயந்தால் வயிற்றின் இயக்கம் மந்தப்படுகிறது, குமட்டுகிறது. குமட்டல் வந்தவுடன் ‘வரப்போகிறது’ என்று பயம் மேலும் ஏறுகிறது. உடனே எழுந்து வெளியே போகிறான். சற்று நேரத்தில் அமைதி கிடைக்கிறது. ‘எழுந்து வந்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் நேர்ந்திராது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை தப்பி ஓடுவதும் அச்சத்துக்கு இடும் தீனியாகிறது.

முன்னோர் கண்ட வழி

உள்ளத்தின் பாரம் வயிற்றில் இறங்கும் என்பது நம் முன்னோர் அறியாததல்ல. ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜப் மாதத்தில் பக்தாதில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நாவு எழாமற்போயிற்று, உணவும் செரிக்கவில்லை. இது உள்ளத்திலிருந்து வந்த நோய் என்று வைத்தியர்கள் கைவிரித்ததை அவர்களே தம் ‘அல்முன்கித்’ நூலில் எழுதியிருக்கிறார்கள். அவர்களின் சோதனை வேறு வகையானது. ஆயினும் மார்க்கப் பேரறிஞர் ஒருவருக்கே உள்ளத்தின் நோய் உடலில் தெரிந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே இமாம் ‘இஹ்யா’வில் நஃப்ஸைப் பழக்கும் முறையைச் சொல்லும்போது, எதிரானதைக் கொண்டே மருந்து செய்யச் சொல்கிறார்கள். தம்மிடம் கோழைத்தனத்தைக் கண்ட ஒருவர், துணிவு பெறுவதற்காகக் குளிர்காலத்தில் அலை மிகுந்த கடலில் பயணம் செய்ததை உதாரணம் காட்டுகிறார்கள். அவர்களுக்கும் முன்னே, கி.பி. 934 இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே நூலில் மருத்துவம் எழுதி, அச்சத்துக்கும் வஸ்வாஸுக்கும் தனித்தனி அத்தியாயம் வைத்தார். அஞ்சும் பொருளோடு மனத்தைப் பழக்க வேண்டும் என்பதே அவர் கருத்தும்.

இந்தக் கால மனநல மருத்துவமும் இவ்வழியில்தான் நடக்கிறது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958 இல் வெளியிட்ட நூலில், அச்சமூட்டுவதை அமைதியான நிலையில் படிப்படியாக அணுகச் செய்யும் முறையை விளக்கினார். முதலில் ‘வாந்தி’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வது. பிறகு படம் பார்ப்பது. ஓங்கரிக்கும் ஓசையைக் கேட்பது. ஒதுக்கிவைத்த உணவை ஒரு கவளம் உண்பது. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் போய் வருவது. பள்ளிவாசலில் கதவோரத்தை விட்டு ஒரு ஸப் முன்னே நிற்பது. ஒவ்வொரு படியிலும் நடுக்கம் தணியும்வரை நின்றுவிட்டு அடுத்த படிக்குப் போவது. வேண்டுமென்றே வாந்தி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதை அறிந்த மருத்துவரின் துணையோடு செய்வதே நலம். எடை குறைந்தாலும், அடிக்கடி உண்மையிலேயே வாந்தி வந்தாலும், அதில் இரத்தம் கண்டாலும் முதலில் உடலைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

ஷரீஅத்தில் இதன் இடம்

வாந்தியைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு நிதானமாகப் பேசுகின்றன! அது நஜீஸ், பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். ஷாபியீ மத்ஹபில் அதனால் ஒளு முறியாது. ஹனபி மத்ஹபில் வாய் நிறைய வந்தால் முறியும். நோன்பாளிக்குத் தன்னை மீறி வந்தால் நோன்பு முறியாது. வேண்டுமென்றே எடுத்தால் களா உண்டு. தொழுகையில் வந்துவிட்டால் விலகிச் சென்று, சுத்தம் செய்து, தேவையானால் ஒளுச் செய்து தொழுதுகொள்ளலாம். அவ்வளவுதான். இதில் பாவமுமில்லை, அவமானமுமில்லை. சட்டம் நாலு வரியில் முடித்துவிட்ட காரியத்தை அச்சம் கியாமத்து நாளாக்கிக் காட்டுகிறது.

துஆவைப் பற்றியும் ஒரு சொல். கவலையிலிருந்தும் கோழைத்தனத்திலிருந்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். நாமும் தேட வேண்டும். ஆனால் ‘இத்தனை தடவை ஓதினால்தான் வாந்தி வராது, ஒன்று குறைந்தால் வந்துவிடும்’ என்று எண்ணி எண்ணி ஓதுவது வஸ்வாஸின் வேலை. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஓதியபின் எழுந்து நம் காரியத்துக்குப் போகிறோமா, அல்லது மீண்டும் ஓதுவதற்காக அங்கேயே நின்றுவிடுகிறோமா என்று பார்த்தால் போதும்.

தவக்குலின் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. ‘எனக்கு வாந்தி வராது’ என்று நம்புவது தவக்குல் ஆகாது. அப்படியொரு வாக்குறுதி யாருக்கும் தரப்படவில்லை. ‘வந்தாலும் வரட்டும், வந்தால் கழுவிக்கொள்வேன், என் ரப்பு என்னைக் கைவிட மாட்டான்’ என்று காரியத்தில் இறங்குவதே தவக்குல். நாளை நடப்பதற்கு இன்றே உத்தரவாதம் கேட்பதுதான் இந்த நோயின் வேர். அதைக் கேட்பதை விட்டுவிடும் நாளில் சுகம் தொடங்குகிறது. சுகம் என்றால் அச்சமே இல்லாமற்போவது என்று எண்ண வேண்டாம். உள்ளூர நடுக்கம் இருக்கும்போதே கல்யாண வீட்டு ஸஹனில் உட்கார்ந்து உண்ண முடிந்தால் அதுவே சுகம். இடையில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து பழைய பயம் திரும்பலாம். ஏறிய படிகளில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். அவை ஏற்கெனவே தெரிந்த படிகள்தாமே!

வீட்டாருக்கு இரண்டு வேண்டுகோள். பரிகாசம் செய்யாதீர்கள், ‘உனக்கு ஈமான் இல்லை’ என்று குத்திப் பேசாதீர்கள். அதே சமயம், ‘வாந்தி வராது, வராது’ என்று நூறு தடவை தேறுதல் சொல்லி அச்சத்தை வளர்க்கவும் வேண்டாம். “வந்தால் பார்த்துக்கொள்ளலாம், நான் இருக்கிறேன்” என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள், அது போதும். நோய்க்கு மருந்து செய்துகொள்வது நபிவழி. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாடுவதில் வெட்கமில்லை. இந்திய அரசு 2022 இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில் 14416 என்ற எண்ணிலும் பேசலாம்.

அடுத்த அறையில் அழுகிற அந்தத் தாய் ஒருநாள் கதவருகே வந்து நிற்கட்டும். மறுமுறை கட்டிலருகே வரட்டும். அதற்கடுத்த முறை, நடுங்குகிற கையாலேயே பிள்ளையின் நெற்றியைத் தாங்கட்டும். நடுக்கமே அறியாதவர்கள் செய்யும் பணிவிடையைவிட அந்த நடுங்கும் கையின் பணிவிடை அல்லாஹ்விடம் குறைந்ததாக இராது. அவன் நம் உள்ளங்களுக்கு அமைதியையும் நம் கால்களுக்கு உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.